முதல் குதிரை வாங்கும் முன் எவ்வளவு சவாரி பழகியிருக்க வேண்டும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரையேற்றம் பழக ஆரம்பித்த சில மாதங்களிலேயே பலருக்குச் சொந்தக் குதிரை ஆசை வந்துவிடுகிறது. அப்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எத்தனை மாசம் கத்துக்கிட்டா குதிரை வாங்கலாம்? ஒரே வரியில சொல்லுங்க.

வாரம் இரண்டு வகுப்பு, இடைவெளி விடாமல் இரண்டு வருடம். வாரத்துக்கு ஒன்று மட்டும் போகிறவருக்கு மழை, காய்ச்சல், விடுமுறை எல்லாம் கழித்தால் வருடத்துக்கு நாற்பது மணி நேரம்தான் தேறும். அவர் மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளட்டும்.

மணிக்கணக்கைவிட நாங்கள் அதிகம் மதிப்பது இன்னொரு எண்ணை: இதுவரை எத்தனை குதிரை மேல் ஏறியிருக்கிறீர்கள்? ஒரே குதிரையில் 200 மணி நேரம் ஓட்டியவருக்கு அந்த ஒரு குதிரையைத்தான் ஓட்டத் தெரியும். தட்டித் தட்டி நகர்த்த வேண்டிய சோம்பேறி, காலை வைத்ததுமே பாயும் அவசரக்காரன், கடிவாளத்தில் தொங்கிக்கொண்டே போவது, நிழலைப் பார்த்தால் மிரள்வது என்று குறைந்தது பத்துப் பன்னிரண்டு குதிரைகளாவது பழகியிருக்க வேண்டும். நாளை நீங்கள் வாங்கும் குதிரைக்குள் இவற்றில் ஏதோ இரண்டு நிச்சயம் இருக்கும்.

பள்ளிக் குதிரையில நல்லாவே ஓட்டுறேன், கேன்டர் வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் என்ன?

பள்ளிக் குதிரை உங்கள் குறைகளை மறைத்துவிடும். தினமும் வேலை செய்து சக்தி வடிந்த குதிரை அது. அதே மைதானம், அதே திசை, முன்னால் போகும் குதிரையின் வால். பயிற்சியாளர் “கேன்டர்” (டிராட்டைவிட வேகமான, மூன்று தாள ஓட்டம்) என்று சொன்ன சத்தத்துக்கே கிளம்பிவிடும். உங்கள் கால் சொன்னதா இல்லையா என்று அதற்குக் கவலையில்லை.

சந்தேகமிருந்தால் பயிற்சியாளரிடம் ஒரு வகுப்பு முழுக்கப் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். மற்ற குதிரைகள் ஒரு பக்கம் சுற்ற, நீங்கள் எதிர்ப்பக்கம் சுற்றுங்கள். வரிசையை விட்டுத் தனியாக வாசல் வரை போய்த் திரும்புங்கள். மைதானத்துக்கு வெளியே ஒரு சுற்று போங்கள். இந்த நான்கில் எங்கே குதிரை முரண்டு பிடிக்கிறதோ, உங்கள் பாடம் அங்கே பாக்கி இருக்கிறது.

சரி, ஓட்டத் தெரியும்னு எதை வெச்சு முடிவு பண்றது?

தரையிலிருந்தே தொடங்கலாம். குதிரையைப் பிடித்து வந்து, உடம்பு தேய்த்து, நான்கு குளம்பையும் சுரண்டிச் சுத்தம் செய்து, சேணமும் கடிவாளமும் யார் உதவியும் இல்லாமல் நீங்களே போட வேண்டும். வயிற்றுப்பட்டையை ஒரேயடியாக இறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறுக்குவதும், ஏறும் முன் ஒரு முறை, ஏறிச் சில நிமிடம் நடந்தபின் ஒரு முறை சரிபார்ப்பதும் கை தானாகச் செய்கிற வேலையாகியிருக்க வேண்டும். சில குதிரைகள் பட்டை மாட்டும்போது மூச்சை இழுத்து உப்பிக்கொள்ளும். ஏறிய பிறகு பட்டை தளர்ந்து சேணம் பக்கவாட்டில் சரிவது அதனால்தான்.

மேலே ஏறிய பின்: டிராட்டில், அதாவது இரண்டு தாள ஓட்டத்தில், 20 மீட்டர் வட்டம் இரு பக்கமும் வட்டம் கெடாமல் சுற்ற வேண்டும். எழுந்து உட்காரும்போது குதிரையின் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும் தாளத்தில் எழ வேண்டும். தவறினால் குனிந்து பார்க்காமலே உணர்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கவடி (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையம்) இல்லாமல் பத்து நிமிடம் டிராட் உட்கார வேண்டும். மூன்று தாள கேன்டரில் இரு பக்கமும் சரியான முன்னங்காலில், அதாவது வட்டத்தின் உட்பக்க முன்னங்கால் முன்னே வரும்படி, கிளம்பி, நினைத்த இடத்தில் டிராட்டுக்கு இறக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு பின்னால் நடத்த வேண்டும்.

இவற்றை எல்லாம் ஒரே குதிரையில் செய்து காட்டினால் பாதி மதிப்பெண். மூன்று புதுக் குதிரைகளில், முதல் நாளே செய்தால் முழு மதிப்பெண்.

குதிரை மிரண்டு ஓடினா என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தர்றதில்லையே?

கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். குதிரை வாங்கும் தகுதியில் பாதி இதுதான். பயந்தவர் இயல்பாகச் செய்வது மூன்று: முன்னால் குனிவது, குதிகாலால் இறுக்கிப் பிடிப்பது, இரண்டு லகானையும் விடாமல் இழுப்பது. மூன்றுமே குதிரைக்கு “இன்னும் ஓடு” என்றுதான் கேட்கும். லகானை ஒரே இழுப்பாகப் பிடித்தால் அது அந்தப் பிடியிலேயே சாய்ந்துகொண்டு ஓடும். நிமிர்ந்து உட்கார்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, இழுத்து விட்டு, இழுத்து விட்டு நிறுத்த வேண்டும்.

அதற்கும் கேட்காவிட்டால் வட்டம். ஒரு பக்க லகானால் பெரிய வட்டத்தில் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்க வேண்டும். முழு வேகத்தில் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் மடக்கினால் குதிரை கால் பின்னி, உங்களோடு சேர்ந்து விழும். ஒற்றை லகானில் நிறுத்தும் முறையை நடையிலேயே நூறு தடவை பழகினால்தான் ஓட்டத்தில் கை வரும். நின்ற குதிரையிலிருந்தும் நடக்கும் குதிரையிலிருந்தும் இரண்டு அங்கவடியையும் உதறிவிட்டு இறங்கிக் குதிக்கும் பழக்கமும் வேண்டும்.

நான் இதுவரை விழுந்ததே இல்லை. அது நல்லதா கெட்டதா?

நல்லதுதான். விழுந்தே ஆக வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் விழுகிற நாள் வரும் என்று எண்ணி ஏறுங்கள்: அளவான தலைக்கவசம், அங்கவடிக்குள் கால் முழுதாக நுழைந்துவிடாதபடி சிறு குதிகால் வைத்த பூட்ஸ். விழுவதைவிட ஆபத்து, கால் அங்கவடியில் சிக்கி இழுபடுவது. தலையில் அடிபட்ட கவசத்தை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். உள்ளே நசுங்கிய பகுதி அடுத்த அடியைத் தாங்காது.

சவாரி தவிர வேற என்ன தெரிஞ்சிருக்கணும்? ஆள் வெச்சுப் பார்த்துக்கலாம்னு இருக்கேன்.

ஆள் வைக்கலாம். அவர் செய்வது சரியா தப்பா என்று சொல்ல உங்களுக்குத் தெரிய வேண்டும். குதிரையின் நாளில் சவாரி ஒரு மணி நேரம்; மீதி 23 மணி நேரத்தில்தான் பெரும்பாலான கேடுகள் நடக்கின்றன.

தீனியின் அடிப்படை காய்ந்த புல். உடல் எடையில் ஒரு நாளைக்குச் சுமார் 2 சதவீதம்: 450 கிலோ குதிரைக்கு 9 கிலோ. குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது, அமிலமோ நாள் முழுக்கச் சுரக்கும். அதனால் இரண்டு வேளை கொட்டிவிட்டுப் போகாமல் பல வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். நீண்ட நேரம் வெறும் வயிறாக நின்றால் புண் வரும். தானியம் செய்கிற வேலைக்கு ஏற்ற கூடுதல் மட்டுமே. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டால் அது உயிர்ப் பிரச்சினை. தண்ணீர் தினம் 25 முதல் 50 லிட்டர் வரை, வெயிலிலும் வேலை நாளிலும் அதற்கு மேலும். தீனியை மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக.

குளம்பு சீவுவது அல்லது லாடம் மாற்றுவது 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை. பற்களின் கூர் விளிம்பை ராவுவது வருடம் ஒரு முறை. டெட்டனஸ் தடுப்பூசி கட்டாயம். குதிரைக்கு அந்த நோய் எளிதில் தொற்றும். குடற்புழு மருந்தைக் கண்மூடித்தனமாகக் கொடுக்காமல் சாணத்தைப் பரிசோதித்து முட்டை எண்ணிக்கை பார்த்துக் கொடுப்பது நல்லது. இத்தனையும் காகிதம் பார்க்காமல் உங்கள் வாயில் வந்தால் ஆள் வைத்துக்கொள்ளலாம்.

கிட்டப் போகப் பயமா இருக்கு, ஆனா மேல ஏறிட்டா பயமில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. உதை, மிதி, கடி எல்லாம் தரையில் நிற்கும்போதுதான் கிடைக்கின்றன. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் பார்வை இல்லாத இடங்கள். குரல் கொடுத்தபடி தோள்பட்டைப் பக்கமாக நெருங்க வேண்டும். நடத்திச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்டால் விரல் போகும். கட்டும்போது தலைக்கயிற்றில் கட்ட வேண்டும், கடிவாளத்தில் கட்டக் கூடாது. ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு, பிடரி மேட்டு (கழுத்து முதுகோடு சேரும் மேடு) உயரம், ஒரு கை நீளக் கயிறு. தாழ்வாகவோ நீளமாகவோ கட்டினால் கால் சிக்கும்.

உடம்பு சரியில்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாயில்லா ஜீவனாச்சே.

நலமாக இருக்கும் நாளிலேயே அளந்து பழகியிருந்தால் கண்டுபிடிக்கலாம். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28–44, மூச்சு 8–16, ஆசனவாயில் வைத்த வெப்பமானியில் 37.2 முதல் 38.3 செல்சியஸ். ஈறு வெளிர் சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். விலாவில் காது வைத்தால் இரு பக்கமும் குடல் சத்தம் கேட்கும். நாடியைத் தாடை எலும்பின் அடியில் ஓடும் குழாயில் விரல் வைத்துப் பார்க்கலாம்.

முன்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, தீனியைத் தொடாதது, சாணம் போடாதது, காரணமில்லாத வியர்வை: வயிற்றுவலியின் அடையாளங்கள் இவை. உடனே தீனியை எடுத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் சொல்லாமல் வலி மருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்து, குடல் முறுக்கியிருப்பது தெரியாமல் போகும். ஓய்விலேயே நாடி 60-ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று: குளம்பு சூடாக இருந்து, முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அது குளம்புக்குள் அழற்சி. இதற்கும் அதே அவசரம்தான். தானியமோ கொழுத்த பசும்புல்லோ அளவுக்கு மீறியது பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வாங்காமலே இதையெல்லாம் எங்க பழகுறது?

லாயத்தில். வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், ஒரு மணி நேரம் பின்னால் வந்தாலே பாதி வேலை பழகிவிடும். அதற்கு அடுத்த படி பாதிக் குத்தகை: வேறொருவர் குதிரையை வாரத்தில் மூன்று நாள் நீங்கள் பார்த்து, ஓட்டி, செலவில் பங்கு தருவது. லாடம் யார் பொறுப்பு, மருத்துவச் செலவு யாருடையது, அடிபட்டால் என்ன, தாண்டுதல் அனுமதியா என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்குக் குறைவான குத்தகை பெரிதாக எதையும் காட்டாது. மழையில் லாயம் கூட்டுவது, ஒரு கால் நொண்டலால் மூன்று வாரம் ஓட்டாமல் வெறும் பராமரிப்பு மட்டும் செய்வது, இவையும் வந்துபோக வேண்டும். அந்த மூன்று வாரமும் உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால் நீங்கள் குதிரைக்காரர். சலித்தால் நீங்கள் சவாரிக்காரர். சவாரிக்காரராக இருப்பதில் தவறே இல்லை, குத்தகையே அவருக்குப் போதும்.

சின்ன வயசுக் குதிரையா வாங்கி, ரெண்டு பேருமா சேர்ந்து கத்துக்கலாமே?

வேண்டாம். குருடனுக்குக் குருடன் வழிகாட்டுகிற கதை. மூன்று நான்கு வயதுக் குதிரைக்கு ஒவ்வொரு முறை நீங்கள் செய்வதும் பாடம்: தவறான நேரத்தில் லகானை விட்டால், “தலையை உதறினால் விடுவார்கள்” என்று கற்றுக்கொள்ளும். எழுதியதை அழிப்பது எழுதுவதைவிடக் கடினம்.

அப்போ எந்த வயசு? ஆணா பெண்ணா? உயரம் எவ்வளவு?

முதல் குதிரைக்கு 8 முதல் 15 வயது. நடை நன்றாக இருந்தால் 17, 18 கூடப் பரவாயில்லை. 25 வயதைத் தாண்டி வாழும் உயிர் அது. விதை நீக்கிய ஆண் பெரும்பாலும் மனநிலை மாறாமல் இருக்கும். பெண்குதிரை சினைப்பருவ நாட்களில் கொஞ்சம் முகம் மாறும், அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. விதை நீக்காத ஆண், எவ்வளவு சாது என்று சொன்னாலும், முதல் குதிரை ஆகாது.

உயரத்தைவிட எடையைப் பாருங்கள். நீங்கள், சேணம், உடுப்பு எல்லாம் சேர்த்துக் குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 450 கிலோ குதிரைக்கு உச்சவரம்பு 90 கிலோ. இன்னும் சமநிலை வராதவர் முதுகில் தொம்மென்று உட்கார்வார் என்பதால் அதற்கும் கீழே நிற்பதே மேல்.

பார்க்கப் போறப்போ என்னத்தைப் பார்க்கணும்? எல்லாமே அழகாத்தான் தெரியுது.

தனியாகப் போகாதீர்கள், உங்கள் பயிற்சியாளர் உடன் வரட்டும். குதிரையை முன்னதாகப் பிடித்துக் கட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போகும்போதே சேணம் பூட்டி, முதுகு நனைந்து நின்றால், காலையிலேயே ஓட்டிச் சக்தியைக் கரைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிடிக்கும்போது ஓடுகிறதா, கால் தூக்கக் கொடுக்கிறதா, பட்டை இறுக்கும்போது கடிக்க வருகிறதா என்று முதலில் வெறும் கண்ணால் பாருங்கள்.

பிடரி மேட்டில் வெள்ளை முடித் திட்டு இருந்தால் பழைய சேணப் புண். குளம்பின் வளையங்கள் குதிகால் பக்கம் அகன்று விரிந்தால் எப்போதோ குளம்பு அழற்சி வந்திருக்கலாம். முன்பல்லின் விளிம்பு தேய்ந்திருந்தால் கட்டையைக் கவ்வும் பழக்கம். வயதைப் பல்லில் பார்க்கலாம்: ஐந்து வயதில் எல்லா முன்பல்லும் நிலைப்பல்லாகிவிடும், மேல் ஓரப் பல்லில் ஒரு பள்ளக் கோடு பத்து வயதுவாக்கில் ஈறருகே தோன்றி, 15-இல் பாதி, 20-இல் முழு நீளம் இறங்கும். கோடு மதிப்பீடுதான், ஓரிரண்டு வருடம் முன்பின் இருக்கும்.

முதலில் விற்பவர் ஓட்டட்டும். அவர் ஏற மறுத்தால் நீங்களும் ஏறாதீர்கள். அடுத்து பயிற்சியாளர், கடைசியில் நீங்கள். மற்ற குதிரைகளை விட்டுத் தனியே போகிறதா, வாகனம் கடந்தால் நிற்கிறதா, வண்டியில் ஏறுகிறதா என்று பாருங்கள். இன்னொரு நாள், வேறு நேரத்தில், மறுபடி ஒரு முறை.

டாக்டர் பார்த்துச் சரின்னு சொல்லிட்டா போதுமா?

உடம்புக்குப் போதும், குணத்துக்குப் போதாது. மருத்துவர் நீங்கள் அழைத்து வந்தவராக இருக்க வேண்டும். ஓய்விலும் ஓட்டத்துக்குப் பின்னும் இதயம், இருட்டில் கண், கடினத் தரையில் டிராட், ஒவ்வொரு காலையும் மடக்கிப் பிடித்து விட்டதும் நொண்டுகிறதா என்ற சோதனை எல்லாம் செய்யச் சொல்லுங்கள். ரத்த மாதிரி எடுத்து வைத்தால், அமைதி மருந்தோ வலி மருந்தோ கொடுத்து விற்றார்களா என்று பிறகு சந்தேகம் வந்தாலும் சோதிக்கலாம்.

தெரிஞ்சவங்க இலவசமாவே தர்றாங்க. எதுக்கு இவ்வளவு யோசனை?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். குதிரையாக இருந்தால் பல்லையும் பாருங்கள், குளம்பையும் பாருங்கள். வாங்கும் விலை ஒரு தடவை. தீனி, லாடம், மருத்துவம் மாதாமாதம். விலைக்கு வந்ததற்குச் செய்கிற அத்தனை சோதனையும் இதற்கும் உண்டு.

வாங்கும்போது பசு மாதிரி இருந்துச்சு, மூணு வாரத்துல முரடாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

சில நேரம் ஆம். பெரும்பாலும் கணக்குதான் பிசகியிருக்கும். அங்கே வாரம் ஆறு நாள் வேலை செய்த குதிரை இங்கே சனி ஞாயிறு மட்டும் வெளியே வருகிறது. தானியம் மட்டும் அதே அளவு. வேலையைக் குறைத்த அன்றே தானியத்தைக் குறைக்க வேண்டும். தனியே அடைத்தும் வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். குதிரை கூட்ட விலங்கு, துணை இல்லாமல் பதறும். சேணம் மாறியிருந்தால் முதுகு வலியும் காரணமாகலாம்: நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு பிடரி மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போக வேண்டும்.

மீதி, உங்கள் பங்கு. புது இடத்தில் முதல் சில நாள் குதிரை ஒடுங்கி இருக்கும். பிறகு உங்களைச் சோதிக்கும். ஏறும்போது ஓர் எட்டு நகரும், நடத்தும்போது தோளால் தள்ளும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஓர் எட்டு ஓட்டமாகிவிடும். முதல் கேள்வியில் பல குதிரைகள் என்று வலியுறுத்தியது இந்த மூன்றாவது வாரத்துக்காகத்தான்.

பொண்ணுக்குப் பத்து வயசு, ஒரு வருஷமா கத்துக்கிறா. அவளுக்கு ஒரு போனி வாங்கலாமா?

வீட்டில் ஒரு பெரியவருக்குத் தீனி, நோய், தரைக் கையாளுதல் பற்றி மேலே சொன்னதெல்லாம் தெரிந்தால் வாங்கலாம். குழந்தையின் அனுபவத்தோடு உங்கள் அனுபவமும் இங்கே கணக்கு. சிறியது என்பதால் போனி சாதுவாகிவிடாது. குழந்தையை ஏய்ப்பதில் பல போனிகள் கெட்டிக்காரர்கள். குழந்தை இரண்டு மூன்று வருடத்தில் வளர்ந்துவிடுவாள் என்பதால் இங்கும் குத்தகை சரியான வழி. தரையில் நின்று வேலை செய்யும்போதும் தலைக்கவசம் போடட்டும்.

ஏற்கெனவே வாங்கிட்டேன். இதைப் படிச்சா அனுபவம் பத்தலைன்னு தெரியுது. இப்ப என்ன பண்றது?

சவாரியை நிறுத்துங்கள், குதிரையை நிறுத்தாதீர்கள். ஒரு பயிற்சியாளர் வாரம் மூன்று நாள் அதை ஓட்டட்டும். நீங்கள் தரை வேலை, தேய்ப்பது, நடத்துவது, நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டுவது பழகுங்கள். அதே வாரத்தில் வேறு பள்ளிக் குதிரையில் உங்கள் வகுப்பு தொடரட்டும். பயிற்சியாளர் இறங்கிய கையோடு, வேலை முடித்து அமைதியாக இருக்கும் அந்தக் குதிரையில் நீங்கள் ஏறிப் பதினைந்து நிமிடம் நடையில் ஓட்டுங்கள். சில வாரத்தில் டிராட் சேர்க்கலாம்.

மூன்று மாதம் கழித்தும் லாயத்துக்குப் போகும்போது வயிற்றைப் பிசைந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி, பொருத்தமான ஆளுக்கு விற்றுவிடுங்கள். வாங்குபவரிடம் எதற்கெல்லாம் மிரளும், எத்தனை நாள் வேலை வேண்டும் என்று மறைக்காமல் சொல்லி, தீனி அளவையும் லாடத் தேதியையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.